முச்சை, வால்சில்லு, ஸ்பிற்பயர்: கொக்குவில் தம்பிக்கு ஒரு பதில்

கொக்குவிலில் இருந்து 22 வயதுத் தம்பி ஒருவர் நான்கு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். பழைய போர் விமானம் என்றால் தனக்கு விசர். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தனியார் விமானி லைசென்ஸ் எடுக்கலாமா? இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரித்தானியப் போர் விமானமான ஸ்பிற்பயரை என்றைக்காவது ஓட்டலாமா? "எங்களுக்கு மேல குண்டு போட்ட சாமானில உனக்கென்னடா ஆசை" என்று அம்மா கேட்கிறா, அவவுக்கு என்ன சொல்வது? கடைசியாக, 1944 இல் இலங்கையில் நின்ற ஸ்பிற்பயர் என்று வாங்கிய பிளாஸ்டிக் மொடலின் வட்டச் சின்னத்தில் சிவப்பே இல்லை, அது பெட்டிக்காரன் விட்ட பிழையா?

நான் இங்கிலாந்தில் விமான மெக்கானிக்காக வேலை செய்தவன். அங்கேயே தனியார் லைசென்ஸ் எடுத்தேன். ஆறு பேர் சேர்ந்து வைத்திருந்த ஒரு பழைய சிப்மங்க் விமானத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. இப்போது மல்லாகத்தில் இருக்கிறேன். சென்னையிலிருந்து வருகிற விமானம் பலாலியில் இறங்கும்போது குசினியில் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்க்கிற ஆள் எங்கள் ஒழுங்கையில் நான் ஒருவன்தான்.

அம்மாவின் கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்ற மூன்றுக்கும் புத்தகங்களில் விடை இருக்கிறது.

1986 இல் எனக்கு 14 வயது. வளவுக்குள் மாமரத்தடியில் 'ட' வடிவத்தில் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்ட பங்கர் எங்களுடையது. பொம்பர் வருகிறது என்றால் சனம் பெயர் சொல்லித்தான் கத்தும். சியாமாச்செட்டி, அவ்ரோ, ஹெலி. பின்னால் பிறந்தவர்களுக்குச் சகடை, கிபிர். எது வருகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, எப்போது மூக்கைக் கீழே குத்துகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்ல எங்கள் வயதுப் பெடியளுக்குத் தெரியும். சத்தம் கூர்மையாகி ஏறினால் குனிய வேண்டும். தேய்ந்து போனால் அடுத்த சுற்றுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது, குசினிக்கு ஓடிப்போய் தண்ணீர்ப் போத்தலை எடுத்து வரலாம். என்னுடைய விமான அறிவு அங்கேதான் தொடங்கியது. அதை அழகாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

பதின்மூன்று வருடம் கழித்து, இங்கிலாந்தில் ஒரு சின்னப் புல்வெளி விமானத்தளம். ஞாயிற்றுக்கிழமை. ஹங்கருக்கு வெளியே சிவப்பும் வெள்ளையும் அடித்த ஒரு சின்ன விமானத்தை வயதான ஒருவர் மெழுகு போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். இறக்கை நுனி இரண்டிலும் சுருட்டுப் போல நீண்ட எண்ணெய்த் தாங்கி. நான் நின்றுவிட்டேன். சியாமாச்செட்டி. சரியான பெயர் சியாய்-மார்க்கெட்டி எஸ்எப் 260. இத்தாலியரான ஸ்டெலியோ பிராட்டி வரைந்தது, 1964 இல் முதலில் பறந்தது. உலகத்தில் மிக வடிவான சின்ன விமானங்களில் ஒன்று என்று அதை வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். அது பொய்யில்லை. அந்த மனிதர் எனக்காக எஞ்சினை ஸ்ராட் பண்ணிக் காட்டினார். சத்தம் வேறு! அவருடையதில் 260 குதிரைவலு லைக்கோமிங் பிஸ்ரன் எஞ்சின். எங்களுக்கு மேலே வந்தவற்றில் பூட்டியிருந்தது டேர்பைன். கண் இதுதான் அது என்றது. காது இல்லை என்றது. அவர் இருக்கையைக் காட்டி ஏறச் சொன்னார். அன்றைக்கு ஏறவில்லை. அடுத்த வருடம் ஏறினேன்.

அம்மாவுக்கு என்ன சொல்வது என்றால், தம்பி, வாதாட வேண்டாம். அவர் சொல்வது உண்மை. நீங்கள் ஆசைப்படுகிற சாமான் அதுக்காகத்தான் செய்யப்பட்டது, அல்லது அதுக்கும் பயன்பட்டது. இன்றைக்கு உலகமெங்கும் தனியார் கையில் பறக்கிற பழைய இராணுவ விமானங்களில் பெரும்பங்கு பயிற்சி விமானங்கள். அவையும் அப்பாவிகள் என்று சொல்ல முடியாது. இரத்மலானை அருங்காட்சியகத்தில் நிற்கிற ஜெற் புரொவோஸ்ற் மாணவர்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுக்கச் செய்த விமானம். 1971 ஏப்ரலில் தெற்கில் கிளர்ச்சி செய்த இளைஞர்களுக்கு எதிராக அதே விமானத்தைத்தான் ஏவினார்கள். ஆகவே எந்த விமானத்தை விரும்பினாலும் அது எங்கே போனது, என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். எத்தனை குதிரைவலு என்று தெரிந்து, யார் தலையில் விழுந்தது என்று தெரியாமல் இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிப்பதே கஷ்டம்.

சரி, லைசென்ஸ்.

தனியார் விமானி லைசென்ஸுக்கு சர்வதேச விதி வைத்திருக்கிற அடிப்படை இது: வயது 17 முடிந்திருக்க வேண்டும், குறைந்தது 40 மணி நேரப் பறப்பு, அதில் 10 மணி நேரம் தனியாக. தனிப் பயணங்களில் ஒன்று 270 கிலோமீற்றருக்குக் குறையாமல், வழியில் வேறு இரண்டு தளங்களில் இறங்கி ஏறியதாக இருக்க வேண்டும். இரத்மலானையிலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் போனாலே அதைவிடத் தூரம். விமானச் சட்டம், வானிலை, வழிகாணல், எஞ்சின், றேடியோ என்று எழுத்துப் பரீட்சைகள் இருக்கின்றன, ஏ.எல். சித்தியடைந்தவருக்கு அவை மலையில்லை. 40 மணி நேரம் என்பது சட்டம் கேட்கிற குறைந்த அளவு. மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பறக்கிறவருக்கு 60 உம் ஆகும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் பாதியைத் திரும்பப் படிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே முடிக்க ஏலாது. பயிற்சிக்குப் பெரும்பாலும் இரத்மலானைக்குத்தான் போக வேண்டும். பலாலி ஒரு விமானப்படைத் தளமும் கூட என்பதால், நினைத்த நேரம் போய் ஒரு சுற்றுச் சுற்றி வருகிற இடமில்லை. என்னுடைய யோசனை, யாழ்தேவி ரயிலில் போய் வந்து செய்யப் பார்க்காதீர்கள். காசைச் சேர்த்துக்கொண்டு, மூன்று நான்கு மாதம் கொழும்பில் தங்கித் தொடர்ச்சியாகப் பறவுங்கள்.

காசு கட்டும்போது கவனம். என்னுடைய மருமகன் ஒருவன் ஒரு பயிற்சிப் பள்ளியில் முழுக் கட்டணத்தையும் முதலிலேயே கட்டிவிட்டான், கழிவு தருகிறோம் என்றார்களாம். அவர்களிடம் இருந்த இரண்டு விமானங்களில் ஒன்று உதிரிப்பாகத்துக்காக மாதக்கணக்கில் நின்றது. மற்றதுக்கு வரிசை. பத்து மணி நேரப் பறப்போடு ஒரு வருடம் போய்விட்டது. ஐந்து மணி, பத்து மணி என்று கட்டிப் பறப்பதே புத்தி. அதுக்கும் முன்னால், ஒரு சதம் கட்ட முதல், இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனையைச் செய்துவிடுங்கள். கண்ணாடி போட்டால் விமானி ஆக முடியாது என்று எங்கள் ஊரில் ஒரு கதை உலாவுகிறது. பிழையான கதை. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக்குருடு வேறு விஷயம், அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பலாலியைப் பற்றி ஒரு சங்கதி. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம் அது, அவர்கள் காங்கேசன்துறை என்றுதான் எழுதினார்கள். 1945 இல் 203 ஆம் ஸ்குவாட்ரனின் நான்கு எஞ்சின் லிபரேற்றர்கள் அங்கிருந்து கடலுக்கு மேலே ரோந்து போயின. போர் முடிந்து, 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் போனது. டக்கோட்டா விமானம். அதுவும் போருக்குச் சாமான் ஏற்றிய இனம்தான். 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையம் என்று பெயர் மாறியபோது எல்லோரும் புதிதாக ஏதோ வந்தது போலப் பேசினார்கள். என் அப்பாவின் தலைமுறைக்கு அது பழைய வழி திரும்பத் திறந்தது மாதிரி.

அந்த ஓடுபாதையின் எண் 05/23. அதாவது திசைகாட்டியில் 50, 230 பாகை: ஒரு முனை வடகிழக்கைப் பார்க்கிறது, மறுமுனை தென்மேற்கை. விமானம் காற்றுக்கு எதிராகத்தான் ஏறவும் இறங்கவும் விரும்பும். எங்கள் ஊரில் வருடத்தில் பாதி சோளகம் தென்மேற்கிலிருந்து, மற்றப் பாதி வாடை வடகிழக்கிலிருந்து. மயிலிட்டிக் கடற்றொழிலாளி ஒருவரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் கோடு கீறிக் காட்டியிருப்பார்.

காற்றைப் பற்றிப் பேசுவதால், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். வாடைக் காலத்தில் பட்டம் ஏற்றியிருப்பீர்கள். பட்டத்தை நூலோடு பிணைக்கிற முச்சையைக் கட்டும்போது மேல் நூல் கொஞ்சம் நீண்டுவிட்டால் பட்டம் காற்றுக்கு முகத்தை அகலக் காட்டி இழுபட்டுக் கிடக்கும். கை நோகும், ஏறாது. மேல் நூல் குறுகினால் படபடத்துத் தலைகுத்தும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோணம் இருக்கிறது. அதைப் பிடித்தால் பட்டத்தில் கட்டிய விண் கூவிக்கொண்டு நிமிர்ந்து போகும். விமான இறக்கைக்கும் அதே கணக்கு. காற்றை இறக்கை சந்திக்கிற கோணம் 15, 16 பாகையைத் தாண்டினால் மேற்பரப்பில் ஓடுகிற காற்று பிய்ந்துபோய், தூக்குகிற பலம் சட்டென்று விழும். இதைத்தான் ஸ்ரோல் என்கிறார்கள். வேகம் குறைந்தால்தான் ஸ்ரோல் வரும் என்று நினைக்கிறவர்கள் பலர். கோணம் கூடினால் எந்த வேகத்திலும் வரும். வல்வெட்டித்துறைப் பட்டக்காரருக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு இரண்டு நிமிடம் போதும். இங்கிலாந்தில் ஒரு வழக்கறிஞருக்கு விளங்கப்படுத்த ஒரு கோடை போனது.

இனி உங்கள் ஆசையின் மையத்துக்கு வருவோம். நீங்கள் படிக்கப்போகிற சின்னப் பயிற்சி விமானமான செஸ்னாவுக்கு மூக்குக்குக் கீழே ஒரு சில்லு இருக்கும். பழைய போர் விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது வாலில் இருக்கும். சின்ன வித்தியாசம் போலத் தெரிகிறது, ஆனால் முழு வித்தையும் அதில்தான். வால்சில்லு விமானத்தில் பாரத்தின் மையம் பெரிய சில்லுகளுக்குப் பின்னால் இருக்கிறது. தரையில் ஓடும்போது கொஞ்சம் கோணினாலும் அந்தப் பாரம் முன்னுக்கு வரப் பார்க்கும். விட்டால் விமானம் தன்னையே சுற்றிவிடும். செஸ்னா தானாக நேராகும். இது தானாகக் கோணும். சுக்கானை இயக்குகிற மிதிகளில் கால் எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும், என்ஜின் நிற்கும்வரை.

எனக்கு இது தெரியும், தெரிந்தும் நடந்தது. சிப்மங்க்கில் பக்கக்காற்றில் இறங்கினேன், நல்ல இறக்கம், எனக்கே திருப்தி. வேகம் ஒரு சைக்கிள் அளவுக்கு வந்ததும் தோளைத் தளர்த்தி, ஹங்கர் பக்கம் யார் பார்த்தார்கள் என்று தலையைத் திருப்பினேன். அவ்வளவுதான். வால் வலப்பக்கமாக வீசி, புல்வெளி கண்ணாடிக்கு முன்னால் பக்கவாட்டாக ஓடி, வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வலது இறக்கை நுனி மண்ணைக் கிளறியிருந்தது. நான்கு மாதம் விமானம் ஹங்கரை விட்டு வெளியே வரவில்லை. மற்ற ஐந்து பங்காளிகளும் மரியாதையானவர்கள், அந்தக் கோடை முழுக்க என்னோடு மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

சிப்மங்க் எப்படி வந்தது என்றால், அதுக்கு முந்திய பயிற்சி விமானமான டைகர் மொத்துக்குப் பதிலாகக் கனடாவில் செய்தது. வரைந்தவர் போலந்துக்காரர், முதல் பறப்பு 1946 மே மாதம். இலங்கை விமானப்படை 1951 இல் தொடங்கியபோது மாணவர்களுக்குக் கொடுத்ததும் சிப்மங்க்தான். டைகர் மொத் இன்னும் பழையது, 1931. அதில் பிரேக் இல்லை, ஸ்ராட்டர் இல்லை, பற்றறி இல்லை. இரண்டு இறக்கை அடுக்கு, மரமும் உலோகக் குழாயும் சேர்ந்த எலும்பு, மேலே துணி. எண்ணெய்த் தாங்கி தலைக்கு மேலே, மேல் இறக்கையின் நடுவில். எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்பதைத் தாங்கிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு மிதவையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுழற்றுவார், உள்ளே இருப்பவர் சுவிச்சைப் போடுவார். இருவருக்கும் இடையில் பேச்சு தெளிவாக இருக்காவிட்டால் கை போகும்.

எஞ்சின் விஷயத்தில் யாழ்ப்பாணத்தவனுக்கு ஒரு பலம் இருக்கிறது, ஒரு கெட்ட பழக்கமும் இருக்கிறது. என் தமையன் கராச் வைத்திருந்தவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடையாது. சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் ஸ்ராட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஒஸ்ரின் காரையும் மோட்டார் சைக்கிளையும் ஓட்டிய காலம் அது. காபரேற்றர் என்ன செய்கிறது, கலவை கூடினால் குறைந்தால் எப்படி இருமும் என்று அந்தத் தலைமுறைக்குச் செவியால் தெரியும். டைகர் மொத்திலும் சிப்மங்க்கிலும் இருப்பது ஜிப்சி மேஜர்: நான்கு சிலிண்டர், தலைகீழாகத் தொங்குகிறது, காற்றால் குளிர்கிறது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், பிளக்குக்கு மின்பொறி கொடுக்க இரண்டு மக்னீற்றோ. ஒஸ்ரின் கார் பிரித்துப் பூட்டிய ஆளுக்கு அரை நாளில் பழகிவிடும்.

கெட்ட பழக்கம் என்றது சமாளிப்பை. இல்லாத நட்டுக்கு இருக்கிற நட்டு, இல்லாத வாஷருக்கு வெட்டின ரியூப். விமானத்தில் ஒவ்வொரு ஆணிக்கும் பிறப்புச் சான்றிதழ் போல ஒரு தாள் இருக்கும். யார் பூட்டினது, யார் சரிபார்த்தது என்று கையெழுத்து இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, நட்டு தளராமல் இழுத்துக் கட்டுகிற பூட்டுக்கம்பி ஒன்றைக் கழற்றி, அதையே வளைத்து நிமிர்த்தித் திரும்பப் போட்டேன். நல்ல கம்பிதான். மேற்பார்வையாளர் ஒன்றும் பேசாமல் அதை வெட்டி எடுத்து, என் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுப் போனார்.

இன்னொன்று, எங்கள் வெக்கைக்குள் பனிக்கட்டி. சிரிக்க வேண்டாம். காபரேற்றரின் ஒடுங்கிய குழாயில் காற்று விரிந்து, எண்ணெய் ஆவியாகும்போது உள்ளே வெப்பநிலை 20 பாகைக்கு மேலும் விழும். யாழ்ப்பாணத்து மார்கழிக் காலை போல 25 பாகையும் நல்ல ஈரப்பதமும் இருந்தால், வேகத்தைக் குறைத்து இறங்கும் நேரம் உள்ளே பனி கட்டி எஞ்சின் மூச்சுத் திணறும். அதுக்காக ஒரு சூட்டுக்காற்று நெம்புகோல் இருக்கும். லண்டன் குளிரில் மட்டும் தேவைப்படுகிற சாமான் என்று அதை மறந்து பறக்காதீர்கள்.

ஸ்பிற்பயருக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், நீங்கள் தனியாக ஒரு ஸ்பிற்பயரை எடுத்துக்கொண்டு பறப்பதுக்கு வாய்ப்பு மிகமிகக் குறைவு. 20,000 க்கு மேல் செய்தார்கள், இன்று பறக்கிற நிலையில் இருப்பவை கொஞ்சம்தான், ஒவ்வொன்றும் பெரிய செல்வந்தர்களுடையது அல்லது நிறுவனங்களுடையது. செஸ்னா 152 மணிக்கு 25 லீற்றர் அளவில் குடிக்கும். ஸ்பிற்பயரின் 27 லீற்றர் மெர்லின் எஞ்சின் மெதுவாகப் போனாலே 150 லீற்றருக்கு மேல். வழி இல்லாமல் இல்லை: லைசென்ஸ், பிறகு வால்சில்லுப் பயிற்சி, சிப்மங்க்கில் நிறைய மணி நேரம், பிறகு 600 குதிரைவலு ஹாவார்ட் பயிற்சி விமானம். ஹாவார்ட்டின் அந்தக் காதைக் கிழிக்கிற சத்தம் எஞ்சினுடையது என்று நினைப்பார்கள். புரொப்பெல்லர் நுனி ஒலியின் வேகத்தை நெருங்குவதால் வருகிற சத்தம் அது. அதையும் தாண்டினால்தான் இரண்டு இருக்கை ஸ்பிற்பயரில் ஆசிரியரோடு ஏறுகிற பேச்சு.

ஸ்பிற்பயர் மேலே போய்விட்டால் சாது என்று ஓட்டியவர்கள் சொல்கிறார்கள். தரையில்தான் தொல்லை. நீண்ட மூக்கு முன்பக்கத்தை மறைக்கும், ஆகவே பாம்பு போல நெளிந்து நெளிந்து ஓட வேண்டும். இறங்கும்போதும் வளைந்து வந்து கடைசி நொடியில்தான் நேராக்குவார்கள். இறக்கைக்குக் கீழே இருக்கிற ரேடியேற்றருக்குத் தரையில் காற்றுப் போதாது, சில நிமிடத்துக்குள் கிளம்பாவிட்டால் தண்ணீர் கொதிக்கும். மெர்லின் பூட்டிய ஸ்பிற்பயர் கிளம்பும்போது இடப்பக்கம் இழுக்கும். பின்னால் வந்த கிரிபன் எஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றுவதால் வலப்பக்கம் இழுக்கும். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறியவர்கள் பழக்கதோஷத்தில் பிழையான மிதியை மிதித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பயணியாக ஏறுவது வேறு. இங்கிலாந்தில் இரண்டு இருக்கை ஸ்பிற்பயரில் அரை மணி நேரத்துக்குச் சில ஆயிரம் பவுண் வாங்குகிறார்கள். நான் போகவில்லை. அந்தக் காசுக்கு சிப்மங்க்கில் பல வார இறுதிகள் பறக்கலாம் என்று கணக்குப் போடுகிற ஆள் நான். நீங்கள் வேறு மாதிரி இருக்கலாம்.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்து, வெளிநாட்டில் ஒரு பங்கு வாங்குகிற நிலை வந்தால், சோவியத் பயிற்சி விமானமான யாக் 52 ஐயோ, சீனாவின் சிஜே 6 ஐயோ பாருங்கள். இரண்டிலும் ஒன்பது சிலிண்டர் வட்ட எஞ்சின். ஸ்ராட் பண்ணுவதே அழுத்தக் காற்றால்தான். இரவில் நின்றால் எஞ்சின் ஒயில் கீழ்ச் சிலிண்டர்களுக்குள் வடிந்து நிற்கும். காலையில் புரொப்பெல்லரைக் கையால் பல சுற்றுச் சுற்றி, எங்காவது இறுகுகிறதா என்று பார்க்காமல் ஸ்ராட்டை அமுக்கினால் எஞ்சினின் உள் தண்டு வளைந்து போகும், அதோடு உங்கள் சேமிப்பும். வேடிக்கை என்னவென்றால், சிஜே 6 இன் ஏற்றுமதி வகையில்தான் இலங்கை விமானப்படை நீண்ட காலமாகத் திருகோணமலைச் சீனன்குடாவில் மாணவர்களைப் பழக்கியது. இங்கே பள்ளிக்கூடச் சாமான், அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் அதைப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள்.

ஆபத்தைப் பற்றி அம்மா கேட்காமல் விடமாட்டார். பழைய விமானம் ஓட்டுகிறவர் தன் உயிரை மட்டும் வைத்து விளையாடுகிறார் என்பது பிழை. 2015 ஓகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தில் ஷோர்ஹம் விமானக் கண்காட்சியில் ஒரு பழைய ஹண்டர் ஜெற் வீதியில் விழுந்தது. இறந்த 11 பேரும் தரையில் இருந்தவர்கள். விமானி தப்பினார். அதுக்குப் பிறகு அங்கே கண்காட்சி விதிகள் இறுகின. சாகசம் செய்ய ஆசை வந்தால் உயரத்தில், ஆள் இல்லாத இடத்துக்கு மேலே, ஆசிரியரோடு.

இப்போதைக்கு என்ன செய்யலாம்? இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். டைகர் மொத், சிப்மங்க், ஜெற் புரொவோஸ்ற், டக்கோட்டா எல்லாம் அங்கே இருக்கின்றன. எல்லோரும் மிக் 17 க்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள், நீங்கள் பெலியல் எங்கே என்று தேடுங்கள். 1950களில் எங்கள் விமானப்படை வாங்கிய பயிற்சி விமானம். அது பறந்தது மெர்லின் எஞ்சினோடு. ஸ்பிற்பயரின் எஞ்சின் குடும்பத்துக்கு இலங்கையில் நீங்கள் நெருங்கக்கூடிய இடம் அதுதான். ரொறன்ரோவில் மாமாவோ சித்தியோ இல்லாத யாழ்ப்பாணக் குடும்பம் அருமை. அங்கே போனால் ஒன்றரை மணி நேரத் தூரத்துக்குள் ஹமில்ரனில் ஒரு போர் விமான அருங்காட்சியகம் இருக்கிறது, உலகத்தில் இன்னும் பறக்கிற இரண்டே இரண்டு லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானங்களில் ஒன்று அங்கேதான். மற்றது இங்கிலாந்தில். 2014 இல் கனடா விமானம் அத்திலாந்திக்கைக் கடந்து போய் இரண்டும் ஒன்றாகப் பறந்தன. நான் கீழே நின்று கேட்டேன். எட்டு மெர்லின். என் பக்கத்தில் நின்ற மூதாட்டி ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு நின்றார், ஜேர்மன் உச்சரிப்பு. நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை.

கடைசியாக உங்கள் மொடல். பெட்டியில் பிழை இல்லை. பிரித்தானியச் சின்னத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு இருப்பது வழக்கம். ஆனால் ஜப்பானிய விமானங்களில் இருந்தது முழுச் சிவப்பு வட்டம். ஒரு நொடியில் முடிவெடுக்கிற பீரங்கிக்காரன் தூரத்தில் சிவப்பைக் கண்டதும் சொந்த விமானத்தையே சுட்டுவிடுவான் என்று, இந்தப் பக்கத்து விமானங்களில் சிவப்பை எடுத்துவிட்டார்கள். 1944 இல் இலங்கையில் நின்ற மார்க் 8 ஸ்பிற்பயர் என்றால் வெளியே கடும் நீலம், நடுவில் மங்கிய நீலம். வாலில் பூசுகிற கொடிப் பட்டையிலும் சிவப்பு வராது. கடையில் கிடைக்கிற நீலத்தில் நாலு சொட்டு வெள்ளை கலந்து முதலில் ஒரு கடதாசியில் பூசிக் காயவிடுங்கள், காய்ந்தால் கொஞ்சம் கருக்கும்.